கலயத்தில் கிடைத்த ராணி காசும் 1878ஆம் வருடச் சட்டமும்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கும்பகோணம் பக்கத்துக் கிராமம். அப்பா காலத்து ஓட்டு வீட்டின் கொல்லையில் போன வாரம் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினோம். மண் அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் பெண்ணின் கையில் ஒரு மண் கலயம் அகப்பட்டது. உள்ளே 43 வெள்ளி ரூபாய். சிலதில் ராணி தலை, சிலதில் ராஜா தலை. யாரிடமும் சொல்லாதே என்று அந்தப் பெண்ணுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து என் மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் ‘இந்தியாவின் விசித்திரச் சட்டங்கள்’ என்று ஒரு செய்தி அனுப்பினார். பத்து ரூபாய்க்கு மேல் எதையாவது கண்டெடுத்துச் சொல்லாமல் இருந்தால் ஒரு வருடம் ஜெயில், பட்டம் விட லைசென்ஸ் வேண்டும், சொத்தைப் பல் இருந்தால் ஆந்திராவில் மோட்டார் வாகன ஆய்வாளர் ஆக முடியாது, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தண்ணீரும் கழிவறையும் இலவசம், வெட்டுக்கிளி வந்தால் டெல்லியில் தமுக்கடித்து ஆட்களைக் கூப்பிடலாம். வீட்டில் எல்லோரும் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதெல்லாம் உண்மையா? நான் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு,

மாப்பிள்ளை அனுப்பிய ஐந்தில் உங்களைத் தொடுவது முதல் சட்டம் மட்டும்தான். அது உண்மை, இன்றும் உயிரோடு இருக்கிறது. பயப்பட வேண்டாம். ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது, சரிசெய்துவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 43 காசு இல்லை, சித்தாளுக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்தச் சட்டத்தின் பெயர் இந்தியப் புதையல் சட்டம், 1878. மண்ணுக்குள்ளோ, மண்ணோடு சேர்ந்து நிற்கும் சுவர் போன்ற ஒன்றுக்குள்ளோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன் கணக்கில் புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவேண்டும், இல்லையென்றால் கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாகப் பிணை கொடுக்கவேண்டும்.

பத்து ரூபாய் என்றதும் வீட்டில் சிரித்திருப்பீர்கள், நியாயம்தான். இன்றைக்குப் பல கடைகளில் அந்தப் பணத்துக்கு ஒரு டீ கூடக் கிடைக்காது. ஆனால் 1878இல் ஒரு ரூபாய் என்பது 11.66 கிராம் எடையுள்ள வெள்ளிக்காசு, பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. பத்து ரூபாய் என்றால் உள்ளங்கை நிறைய வெள்ளி. கை நிறைய வெள்ளி கிடைத்தால் வந்து சொல் என்றுதான் அன்று சட்டம் போட்டார்கள். காலம் போகப் போக வெள்ளி ரூபாய் நிக்கல் ஆயிற்று, அப்புறம் எஃகு ஆயிற்று. சட்டத்திலிருந்த பத்து மட்டும் மாறவே இல்லை. இப்போது உங்கள் கலயத்துக் காசில் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தாலும், வெள்ளி விலையிலேயே அது பத்து ரூபாயைப் பல மடங்கு தாண்டிவிடும். வயலில் உழும்போது ஒரு பழைய பித்தளைச் செம்பு தட்டுப்பட்டால் அதற்கும் கலெக்டருக்கு மனு எழுத வேண்டும் என்ற நிலை. சட்டம் எழுதியவர் யாரும் இதை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

அந்தச் செய்தியில் ஒரு பிழையும் இருக்கிறது. தெருவில் கிடக்கும் பத்து ரூபாய்த் தாளை எடுத்தாலே ஜெயில் என்பதுபோலத்தான் பலரும் அதைப் படிக்கிறார்கள். தெருவில் கிடப்பது புதையல் ஆகாது, மண்ணில் மறைந்திருக்க வேண்டும். தெருவில் கிடைப்பதைப் பற்றி 1860ஆம் வருட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் ஒரு அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒருவர் பொதுவழியில் ஒரு ரூபாயைப் பார்க்கிறார், யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொள்கிறார், அவர் குற்றம் செய்யவில்லை. அடுத்த எடுத்துக்காட்டில் ஒரு கடிதம் கிடைக்கிறது, உள்ளே பணத்தாள். கடிதத்தைப் படித்ததும் பணம் யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் வைத்துக்கொண்டால் குற்றம். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தக் குற்றம் 314ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது.

சரி, மற்ற நான்கு.

பட்டம். 1934ஆம் வருட விமானச் சட்டம் ‘விமானம்’ என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் பலூன், ஆகாயக் கப்பல், கிளைடர் இவற்றோடு பட்டமும் உண்மையிலேயே இருந்தது. அவர்கள் மனதில் இருந்த பட்டம் வேறு என்பது என் எண்ணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் கோடி என்பவர் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஆளையே வானத்தில் தூக்கும் பட்டங்களைச் செய்துகாட்டினார். எதிரி எங்கே இருக்கிறான் என்று மேலே தொங்கிக்கொண்டு பார்ப்பதற்கு. அப்படிப்பட்ட பட்டத்தை விமானம் என்று சொல்வதில் தப்பில்லை. மொட்டைமாடியில் காகிதப் பட்டம் விட்ட பிள்ளையிடம் லைசென்ஸ் கேட்ட வழக்கு எதையும் நான் பார்த்ததில்லை. 1934 சட்டமும் போய், 2025 தொடக்கத்திலிருந்து பாரதிய வாயுயான் சட்டம் வந்துவிட்டது. பட்டத்தில் நீங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மாஞ்சாவைப் பற்றி. நைலான் மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. சாலையில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த நூல் அது, அந்தத் தடையில் சிரிக்க எதுவும் இல்லை.

ஆந்திராவின் சொத்தைப் பல்லுக்குத் தேதியைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். 1914ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்கிறது என்றுதான் அந்தச் செய்தி எங்கும் சுற்றுகிறது. ஆந்திரப் பிரதேசம் பிறந்தது 1956இல். 1914 சட்டமோ 1939 சட்டத்துக்கு இடம்விட்டுப் போய், அதுவும் 1988 சட்டத்துக்கு இடம்விட்டுப் போய்விட்டது. சீருடைப் பணிகளுக்கு ஆள் எடுக்கும்போது தட்டைப் பாதம், முட்டி தட்டுவது என்று உடல்தகுதி பார்ப்பது இன்றும் உண்டு. அப்படி ஏதோ ஒரு விதிக்குக் காலும் கையும் முளைத்திருக்கும். இந்த வடிவத்தில் அதை நம்பாதீர்கள்.

ஹோட்டல் தண்ணீருக்கு வருவோம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கேள்விகள் வருகின்றன, ஹோட்டல் வாசலில் நின்று சண்டை போட்டவர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது 1867ஆம் வருடச் சராய்ச் சட்டம். சராய் என்றால் வடநாட்டில் வழிப்பயணிகள் தங்கும் சத்திரம். அந்தச் சட்டத்தைப் படித்தால் ரயில் பரவாத காலத்து நெடுஞ்சாலை அப்படியே கண்முன் வரும். சத்திரத்தை நடத்துகிறவர் மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்ய வேண்டும், நன்னடத்தைச் சான்று கேட்டால் காட்ட வேண்டும். தங்கியவர்களில் யாருக்காவது தொற்றுநோய் என்றால் உடனே போலீஸ் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அறை, தாழ்வாரம், சாக்கடை, கிணறு எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். கட்டண விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். ஆளுக்கும் மாட்டுக்கும் வண்டிக்கும் காவலாள் வைக்க வேண்டும். எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. திருடன் ஏறி உள்ளே குதிக்கவோ தப்பி ஓடவோ உதவும் மரங்களையும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டுமாம்! அந்த ஒரு வரியில் ஒரு முழு இராத்திரி இருக்கிறது. அசந்து தூங்கும் பயணிகள், இடுப்பில் பண முடிச்சு, மதிலைத் தாண்டிச் சாயும் ஒரு மாமரக் கிளை. மீறினால் அபராதம் இருபது ரூபாய் வரை.

இவ்வளவும் சொன்ன சட்டம், வழியில் போகிறவருக்கு இலவசத் தண்ணீர் கொடு என்று எங்கும் சொல்லவில்லை. கழிவறை என்ற பேச்சே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் மனிதத்தன்மை உள்ள எந்த ஹோட்டலும் கொடுக்கும். கொடுக்காத ஹோட்டலில் 1867ஐச் சொல்லி வாதாடினால் தோற்றுப்போவீர்கள்.

வெட்டுக்கிளியைக் கேட்டு உங்கள் வீட்டில் நிறையச் சிரித்திருப்பீர்கள், ஆனால் ஐந்தில் அதற்குத்தான் நான் பரிந்து பேசுவேன். 1949ஆம் வருடக் கிழக்குப் பஞ்சாப் வேளாண் பூச்சிகள், நோய்கள், களைகள் சட்டம் அது. டெல்லிக்கும் நீண்டது. வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தால் தமுக்கடித்து, திடகாத்திரமான ஆண்களை உதவிக்கு அழைக்கலாம். தொலைபேசியே ஊருக்கு ஒன்று இருந்த காலத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? 2020 ஜூன் மாதம் வெட்டுக்கிளிகள் டெல்லியை ஒட்டிய குருகிராம் வரைக்கும் வந்து, அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல்களை மறைத்துப் பறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஜனங்கள் தட்டையும் பாத்திரத்தையும் தட்டித்தான் விரட்டினார்கள். நம் பக்கத்திலும் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது, 1919ஆம் வருடச் சென்னை வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம். கோயம்புத்தூர்ப் பக்கம் கம்போடியா பருத்தி போட்டவர்கள் அறுவடை முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்த அதைத்தான் பயன்படுத்தினார்கள். என் செடி, என் நிலம், நான் எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவேன் என்று ஒருவர் விட்டால், அதில் தங்கிய பூச்சி அடுத்த வருடம் ஊர் முழுவதும் தின்றுவிடும். விவசாயி ஒருவரிடம் இதைச் சொல்லிப்பாருங்கள், சிரிக்கமாட்டார்.

2014க்குப் பிறகு காலாவதியான மத்தியச் சட்டங்களில் 1,500க்கும் மேற்பட்டவற்றை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. நீக்கியது நல்லதுதான். ஆனால் பழையதெல்லாம் போய்விட்டது என்று நினைத்து, பத்து ரூபாய் என்றிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சும்மா இருந்துவிடுவதில்தான் ஆபத்து. உங்கள் கலயத்துக்கு வருகிறேன்.

புதையல் கிடைத்தால் அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்தால்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். 1878 சட்டத்தைத் திறந்து படித்தவர்கள் குறைவு. மனு வந்ததும் ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார், நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறித்து, உரிமை கோருகிறவர்களை வரச் சொல்வார். பொருளுக்கு உரியவர் என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றால் அதை உடையவரில்லாத புதையல் என்று அறிவிப்பார். பிறகு பங்கு. கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் முன்பே ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. இல்லையென்றால் நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, மீதி ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசுக்கே பொருள் வேண்டும் என்றால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்துத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். அர்த்தசாஸ்திரத்தில் புதையலைக் கண்டு சொன்னவருக்கு ஆறில் ஒரு பங்கு. அவர் கூலியாளாக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 1878 சட்டம் ஆண்டானா கூலியா என்று கேட்கவில்லை. ‘கண்டெடுத்தவர்’ என்ற ஒரே சொல்தான்.

ஐயா, உங்கள் கொல்லையில் கண்டெடுத்தவர் யார்? நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன், அந்தச் சித்தாள்தான். கலயம் அகப்பட்டது அவர் கையில். நீங்கள் நிலத்துக்காரர். உடையவரில்லாத புதையல் என்று முடிவானால் அந்த 43 காசில் நான்கில் மூன்று பங்கைக் கேட்க அவருக்கு வலுவான வாதம் இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய அரைக் கிலோ வெள்ளி. அவருக்குக் கிடைத்தது ஐந்நூறு ரூபாய்.

இன்னொன்றும் இருக்கிறது. தகவல் சொல்லாமல் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை என்பது கண்டெடுத்தவருக்கு, அதாவது அவருக்கு. மறைக்கச் சொல்லித் தூண்டிய நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை. இருவருக்கும் பங்கும் பறிபோகும். சொல்லாதே என்று நீங்கள் கொடுத்த பணம், அந்தப் பெண்ணின் பங்கையும் மறைத்து, அவர் தலையில் உங்களைவிடப் பெரிய தண்டனையையும் ஏற்றி வைத்திருக்கிறது. நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே புரிகிறது. ஆனால் இதைத் தெரிந்த பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

மறைத்த புதையல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1976இல் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண்ணில் நடராஜர் சிலை ஒன்றைக் கண்டெடுத்தார். தகவல் சொல்லாமல் விற்றார். கை மாறி, கடல் தாண்டி, லண்டனில் ஒரு கனடா நிறுவனம் அதை வாங்கியது, லண்டன் போலீஸ் பிடித்தது. வழக்கில் பாழடைந்து கிடந்த பத்தூர் விசுவநாத சுவாமி கோயிலே இங்கிலாந்து நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றது. கோயிலுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். 1991இல் நடராஜர் திரும்பி வந்தார். அந்தத் தொழிலாளி அன்றே தகவல் சொல்லியிருந்தால் சிலை இங்கேயே இருந்திருக்கும், அவருக்கும் சட்டப்படி ஏதாவது கேட்க வழி இருந்திருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் நிற்கும் சிலைகளில் பல, யாரோ ஒருவர் தோண்டும்போது பார்த்து முறையாகச் சொன்னதால் வந்தவை.

உங்கள் வழக்கில் ஒரு சுவாரசியமான முடிச்சும் உண்டு. நூறு வருடத்துக்குள் இன்னார்தான் இதைப் புதைத்தார், நான் அவர் வாரிசு என்று ஒருவர் வந்தால், அதை உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே காசுகளில் உள்ள வருடங்களைப் பாருங்கள். ராணி தலை விக்டோரியா. ராஜா தலை என்றால் ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா என்று பாருங்கள். இருப்பதிலேயே கடைசி வருடம் எதுவோ அதற்குப் பிறகுதான் கலயம் மண்ணுக்குள் போயிருக்கிறது. 1907 என்றால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1930களின் காசு ஒன்று இருந்தால் நிச்சயமாக நூறு வருடத்துக்குள் புதைத்தது. உங்கள் பாட்டியாகக்கூட இருக்கலாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், பழைய முழு வெள்ளிக் காசை ஜனங்கள் செலவழிக்காமல் பதுக்கினார்கள். பாட்டி காசு என்று நிரூபணமானால் அது புதையல் கணக்கிலிருந்து குடும்பச் சொத்துக் கணக்குக்கு வந்துவிடும். அப்போது அத்தைமாரும் உங்கள் சகோதரிகளும் பங்கு கேட்டால் தப்பில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், கொல்லையில் பானை வைத்ததைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரு கணக்கு நோட்டு, ஒரு பழைய கடிதம் எதுவும் உதவும்.

இனி செய்ய வேண்டியது. காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எலுமிச்சையும் வேண்டாம். தேய்த்தால் மதிப்பு போகும், வருடமும் அழியும். ஒவ்வொன்றையும் இருபுறமும் போட்டோ எடுங்கள். கலயம் உடைந்திருந்தாலும் ஓடுகளை எறியாதீர்கள். நகைக்கடையில் எடை போடக்கூடக் கொண்டுபோக வேண்டாம். நூறு வருடம் கடந்த பொருளை 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே நல்ல விலை தருகிறேன் என்று வரும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம், அந்தப் பெண் எங்கே வேலை செய்கிறார் என்று மேஸ்திரியிடம் கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். இந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். கொடுத்த ஐந்நூறைத் திருப்பிக் கேட்கவேண்டாம். இருவரும் சேர்ந்து ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் நகல் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காசை ஒப்படைக்கும்போது எண்ணிக்கை, எடை இரண்டும் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். ஒரு வாரத் தாமதத்துக்குக் காரணம், சட்டம் தெரியாதது என்று உண்மையை அப்படியே எழுதுங்கள்.

மனுவில் ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதுங்கள். ‘நில உரிமையாளர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர். காசில் கடைசி வருடம் எது என்று பார்த்தவுடன் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.